எலிக்குக் கண் தைக்கப் போனவன்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து நேராக நிற்காது. வரி தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவே ஒரு சரிவு விழுந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ரகரமா பெரிய றகரமா என்று சந்தேகம் வந்தால், இரண்டையும் ஓரத்தில் எழுதிப் பார்த்து, எது பார்க்க நன்றாக இருக்கிறதோ அதைப் போட்டுவிடுவேன். பொம்மை பின்னுவதிலும் என் வழி அதுதான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம், நான் இருக்கும் புனேயின் இன்னொரு மூலையான ஹடப்சரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஒட்டுத்தாளைக் கிழித்ததும் பழைய கம்பளி வாசனை. உள்ளே நான் பின்னிய எலி ஒன்று, கட்டைவிரல் உயரம். முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த ஊதா நிறத் துப்பட்டா பூச்சி அரித்துக் கிழிந்திருந்தது. அதனோடு ஒரு கடிதம். கடித மடிப்புக்குள் ஒற்றைக் கருகமணி. கடிதத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வாசனையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன்.

போபோடியில் நான் பதினேழு வருடம் வேலை பார்த்த ஸ்வெட்டர் பட்டறையின் வாசனை அது. அங்கே மற்றவர்கள் எல்லாம் பின்னினார்கள். நான் பிரித்தேன். கை நீளம் கூடிப்போனது, கழுத்து கோணிப்போனது, ஐந்து விரலுக்கு நாலு விரலோடு மெஷினிலிருந்து வந்த கையுறை, எல்லாம் என்னிடம் வரும். நுனியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். கொதிக்கிற தண்ணீர் ஆவியில் காட்டினால் நிமிர்ந்துவிடும். நனைந்த ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு வாசனை நாள் முழுக்கச் சட்டையில் இருக்கும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் வெளியே மழை பெய்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்.

யாரும் எனக்குப் பின்னக் கற்றுக்கொடுக்கவில்லை. யாரிடமாவது கேட்பதற்கு வாய் வேண்டுமே. தினமும் பிரித்ததில், எந்தக் கண்ணி எந்தக் கண்ணிக்குள் நுழைந்திருந்தது என்று விரலுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் பின்னாலிருந்து முன்னால் போய்ப் பார்த்தேன். சரியாக வந்தது.

முதல் பொம்மை ஒரு கையுறையின் கட்டைவிரல்தான். பிரிக்க மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்து, நூல் துண்டுகளை உள்ளே அடைத்து, அலமாரியில் நிறுத்தி வைத்தேன். செல்வி, என் மனைவி, இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"இது என்னங்க?"

"இன்னும் தெரியல."

"மூஞ்சி வச்சா எலி. வைக்காட்டி வெரலு. ஏதாச்சும் ஒண்ணு முடிவு பண்ணுங்க. அடுப்படிக்குப் போகயில வரயில பாத்தா பயமா இருக்கு."

மூஞ்சி வைத்தேன். அப்படித்தான் என் தொழில் ஆரம்பித்தது. மழைக்கோட்டு போட்ட எருமை, கண்டக்டர் பை மாட்டிய கொக்கு, இட்லியைத் தலையணையாக வைத்துத் தூங்கும் பூனை என்று ஒவ்வொன்றாக வந்தது. மனிதர்களிடம் சொல்ல வராததை எல்லாம் இவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

துப்பட்டா எலி பிறந்தது போபோடி சிக்னலில். இந்த ஊரில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து முகம் முழுக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள், கண் மட்டும்தான் தெரியும். எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆண்களுக்கும் அந்த வழக்கம் இருந்தால் எவ்வளவு நிம்மதி. எலிக்கு அப்படி ஒரு துணி சுற்றிவிட்டேன். முகமே கண்தான் என்று ஆகிவிட்டதால், கண் நன்றாக இருக்க வேண்டும். துளசிபாக் சந்தையில் தாலியில் கோக்கும் கருகமணி வாங்கி வந்து, நைலான் இழையில் கட்டினேன். எலி உயிரோடு பார்த்தது.

செல்வி அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பொங்கல் விழாவுக்குப் போனாள். அங்கே வித்யா என்ற கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கோந்த்வாவில் ஃபிளாட், எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார். "வாங்கலங்க, வீட்ல ஒரு ஆளு இருக்காரு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்தத் தீபாவளிக்கு வித்யாவின் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு மேஜை கிடைத்தது. பதினைந்து எலிகள் கொண்டு போனோம். செல்வி பேசினாள், விற்றாள். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் குறைவு. ஒரு கை மட்டும் எல்லா எலிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் ஊதாத் துப்பட்டாவை எடுத்தது. பச்சைக் கண்ணாடி வளையல். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. என் வேலையை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

பதினாலு விற்றன. மிஞ்சிய ஒன்றை மறுநாள் தூசி தட்டுவதற்காக உதறினேன். ஒரு கண் கழன்று தரையில் உருண்டது.

அவசரத்தில் அந்தத் தடவை முடிச்சுகளை ஊதுவத்தி நெருப்பில் சுட்டு உருக்கியிருந்தேன். சூடு அதிகமாகி நைலான் முறுகிவிட்டது. பதினைந்தையும் ஒரே மூச்சில் சுட்டவன் நான். கீழே கிடந்த மணியை எடுத்துப் பார்த்தேன். குழந்தையின் மூக்குக்குள் போகிற அளவு. தொண்டைக்குள்ளும்.

செல்வியிடம் காட்டினேன்.

"யாரு யாரு வாங்கினாகன்னு ஞாபகம் இருக்கா?"

"கை ஞாபகம் இருக்கு."

"நல்லாருக்கு. கையத் தேடிப் போங்க. எனக்குப் போற எடத்துல லீவு தர மாட்டாக. நீங்கதான் போகணும், நீங்கதான் பேசணும்."

வித்யா கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணா, வீடு வீடாப் போயி நம்ம பொம்மை சரியில்லைன்னு நாமளே சொல்றதா? பேரு கெட்டுருமுங்க" என்றார். நான் மணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே போய், நினைவிருந்த வீட்டு எண்களைத் தாளில் எழுதிக்கொடுத்தார்.

சட்டைப் பையில் ஊசி, கறுப்பு நூல். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் இந்தியில் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். முதல் வீட்டில் ஓர் அம்மா, "எங்க வீட்ல எலியே இல்லப்பா, மருந்தெல்லாம் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். மறுபடி மணி அடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இன்னொரு வீட்டில், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன், ஊசிக்காது நன்றாகத்தான் தெரிந்தது. மூன்றாவது மாடியில் ஒரு சின்னப்பெண், நான் எலியின் கண்மணியை அறுக்கும்போது, "அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். நான் எலியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "வலிக்காதாம், கூசுதாம்" என்றேன். வீடே சிரித்தது. அந்நியர் வீட்டில் நான் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு நாளில் பதின்மூன்று எலிகளுக்கும் மணியை எடுத்துவிட்டு நூலிலேயே கண் தைத்தேன். ஊதாத் துப்பட்டா மட்டும் கிடைக்கவில்லை. வித்யாவின் தாளில் இருந்த வீடுகள் முடிந்து, இல்லாத வீடுகளிலும் கேட்டாயிற்று. பச்சை வளையல் பல கைகளில் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கேட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் டீ கொடுத்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எல்லா வீட்டுக்காரங்களையும் கேட்டுட்டே. வேலைக்கு வர்றவங்களைக் கேட்டியா? ஏன், எங்க ஆளுங்களுக்குப் புள்ளைங்க இல்லையா?"

தண்ணீரில் ஊறிய விரல்கள். பாத்திரம் தேய்த்துவிட்டு நேராக மேஜைக்கு வந்த கை. என் வீட்டிலேயே தினமும் அப்படி ஒரு கையைப் பார்க்கிறேன். செல்வி அப்போது பக்கத்துக் கட்கியில் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. ஆவியில் காட்டி நூலை நிமிர்த்துகிற நான், என் பொம்மையை ஃபிளாட்டுக்காரர்கள்தான் வாங்குவார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

பச்சை வளையல், ஊதா எலி என்று நான் அடையாளம் சொன்னதும், அந்த அம்மா பெயர் மங்கல் என்று வாட்ச்மேன் சொன்னார். ஹடப்சரில் சந்து அடையாளமும் சொன்னார். மறுநாள் காலை போனேன். கதவு திறந்தே இருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து எலியின் காதைச் சப்பிக்கொண்டிருந்தது. எலிக்கு ஒரு கண்தான் இருந்தது.

நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. குழந்தையைக் காட்டினேன், எலியைக் காட்டினேன், என் தொண்டையைக் காட்டினேன். மங்கல் முதலில் பயந்துவிட்டார். பிறகு புரிந்துகொண்டு, தன் தாலியை இழுத்துக் காட்டினார். கறுப்பு மணிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் எள்ளளவு பெரிதாக இருந்தது.

"வாங்கின அன்னிக்கே விழுந்துடுச்சு, அண்ணா. எங்க வெச்சாலும் தொலைஞ்சுடும். இங்க கோத்துக்கிட்டேன். இன்னொண்ணு விழுந்தா ரெண்டையும் சேத்துத் தைக்கலாம்னு இருந்தேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். "ஒரு கண்ணுக்காக போபோடியிலேர்ந்தா வந்தே?" என்று இரண்டு தடவை கேட்டார். மிச்சமிருந்த மணியை எடுத்துவிட்டு நூலில் இரண்டு கண் தைத்தேன். அவர் எலியை முகத்துக்கு நேரே பிடித்து மட்டம் பார்த்துவிட்டு, "இடது கண்ணு மேல இருக்கு" என்றார். அவிழ்த்து மறுபடி தைத்தேன். தாலியிலிருந்த மணியைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் தாயி என்று சொன்னேன். இங்கே அக்காவைத் தாயி என்பார்கள்.

அன்றிலிருந்து நான் எந்தப் பொம்மைக்கும் மணி வைத்ததில்லை. கண் தைத்துக்கொண்ட வீடுகளே பிறகு புதிது புதிதாகக் கேட்டன. ராணுவக்காரர் தன் பழைய ஜீப்பை மீசை வைத்த பொம்மையாகக் கேட்டார். மூன்றாவது மாடிப் பெண் கூச்சப்படும் ஆமை கேட்டாள்; அதற்கு நான் கண்ணாடி பார்த்துக்கொண்டால் போதுமாக இருந்தது. வித்யா வாங்குகிற ஆட்களைச் சேர்த்துவிட்டார். இரண்டு வருடத்தில் பட்டறையை விட்டேன். பிரித்துப் பிழைத்தவன் இருபது வருடமாகப் பின்னிப் பிழைக்கிறேன். செல்வி வீட்டு வேலைகளை விட்டுவிட்டு, பொம்மைகளுக்குப் பஞ்சு அடைக்கிறாள், எனக்குப் பதிலாகப் போனில் பேசுகிறாள்.

பட்டறை இப்போது இல்லை. அந்தச் சந்தில் ஆவி வாசனையும் இல்லை. சிக்னலில் துணி சுற்றிய முகங்கள் மட்டும் இருக்கின்றன. கோந்த்வா குடியிருப்பில் இப்போது கேட்டிலேயே போனில் அனுமதி கேட்கிறார்கள், பொட்டலத்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். என் பொம்மைகள் நான் போகாத ஊர்களுக்கெல்லாம் போகின்றன. எனக்கு அந்த ஊர்களின் பின்கோடு தெரியும். எந்தக் கை அதை எடுக்கிறது என்று தெரியாது. கூச்சக்காரனுக்கு இது வசதிதானே என்பாள் செல்வி. வசதிதான். ஆனாலும் ஒரு கதவுக்கு முன்னால் நின்று, வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்து, மணி அடித்த அந்த மூன்று நாளை நான் எதற்கும் கொடுக்க மாட்டேன்.

கடிதம் மராத்தியில் இருந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுதியவள் எலியின் காதைச் சப்பிய அந்தக் குழந்தை, இப்போது அவளே ஒரு தாய். அவள் எழுதியிருந்தது இதுதான்: அப்பா காலமாகிவிட்டார், அம்மா தாலியைக் கழற்றிவிட்டாள். இந்த மணி மட்டும் எலியினுடையது, கொடுத்தவரிடமே கொடுத்துவிடு என்றாள். எலியின் துப்பட்டாவைச் சரிசெய்து தர முடியுமா, என் மகள் கேட்கிறாள்.

புதிய துப்பட்டா பின்னிச் சுற்றினேன், அதே ஊதா. முதுகுத் தையலை இரண்டு கண்ணி பிரித்து, எந்தக் குழந்தையின் விரலும் எட்டாத ஆழத்தில், பஞ்சுக்கு நடுவே மணியை வைத்து இறுக்கித் தைத்தேன். கண்களை மட்டம் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அசையவில்லை. மங்கல் தாயி பார்த்து வாங்கிய வேலை. பார்சல்காரருக்குச் சொல்லவில்லை. நாளைக் காலை ஹடப்சர் பஸ்ஸில் நானே கொண்டு போகிறேன்.

புனே, தை மாதம், இரண்டாம் ஞாயிறு.