சீனி போடாத ஓட்ஸ்

கணக்கப்பிள்ளை ஐயா முதல்முறையாக என் பேரைச் சொன்னது ஒரு காலை ஏழரை மணிக்கு, ஒரு கோப்பை ஓட்ஸைத் தின்று முடித்த பிறகு. "மாரியாயி, இன்னைக்கு நல்லாருக்கு" என்றார். நான் குசினி வாசலில் ஈரத்துணியோடு நின்றிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் அவருக்குக் கீழே பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். அவர் வீட்டுக்குச் சமைக்க வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர் வாயில் என் பேர் வந்ததில்லை. தோட்டத்தில் நான் 'எட்டாம் காம்பரா'. லயத்தில் எட்டாவது அறையில் குடியிருந்ததால் அப்படி. என் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். "ஆம்பள இல்ல, பொம்பள" என்பார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு மலைக்குப் போவோம். ரொட்டியைத் துணியில் முடிந்து கொண்டுபோய், பத்து மணிக்குத் தேத்தண்ணி நேரத்தில்தான் தின்ன வேண்டும். என் இரண்டாவது பிள்ளை ஐந்து மாதம் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் எட்டரைக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. தேயிலைச் செடிக்கு நடுவில் குந்தி ரொட்டியைப் பிரித்தேன். அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கைத்தடியால் தட்டிவிட்டார். ரொட்டி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தது. இறங்கிப் போய் அதைச் சப்பாத்துக் காலால் மிதித்தார். "மேய வந்தியா, கொழுந்து எடுக்க வந்தியா?" என்றார். பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது அவர்கள். நான் எழுந்து கொழுந்து எடுத்தேன். அந்தப் பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தது. அதனால் அதைப் பெரிய கதையாக யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஓய்வு பெற்று யட்டவத்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில். எனக்கு முழங்கால் போய், மலை ஏற முடியாமல் வேலையை விட்டிருந்தேன். கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பழி வாங்கப் போனேன் என்று நினைக்க வேண்டாம். வேலை கிடைத்தது, போனேன். என்னைப் பார்த்ததும் "எட்டாம் காம்பராதானே?" என்றார். ரொட்டி அவருக்கு ஞாபகமில்லை. அப்படி எத்தனை ரொட்டி.

அவருக்குச் சீனி வியாதி. வலது கால் பெருவிரலில் ஒரு புண், ஆறாமல் கிடந்தது. புண் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று மாத்தளை கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மகள் போனில் எனக்குச் சொன்னார்: "அக்கா, அப்பாவுக்குக் காலைல வயிறு நெறயணும், ஆனா சீனி ஏறக்கூடாது. ஓட்ஸ் செஞ்சு குடுங்க." எப்படிச் செய்வது என்று போனிலேயே காட்டினார். ஓட்ஸை வெறுஞ்சட்டியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, அவித்த பாசிப்பயறு ஒரு பிடி, துருவிய கரட், ஆய்ந்த முருங்கை இலை. இறக்கும்போது உப்பும் இடித்த மிளகும். தேங்காய்ப்பால் கூடாது. கரண்டி நட்டால் நிற்கிற பதம். எனக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

முதல் நாள் கோப்பையை முகர்ந்து பார்த்தார். "கஞ்சியா? சாகக் கெடக்கிறவனுக்கு ஊத்துறதா?" என்றார். எங்கள் பக்கம் காய்ச்சலில் விழுந்தவனுக்கும் கடைசி மூச்சுக்காரனுக்கும்தான் கஞ்சி. அந்தப் பயம் அவருக்கும் இருந்தது.

"கஞ்சி இல்லீங்க ஐயா, ஓட்ஸ்."

"இத மாட்டுக்கு வையி."

"மாடு இல்லீங்களே."

"அப்ப நீ தின்னு."

தின்றேன். குசினியில் நின்றுகொண்டே தின்றேன். நன்றாக இருந்தது. பகல் சோறு வரைக்கும் பசி எடுக்கவில்லை. மலையில் நின்ற காலத்தில் காலையில் இப்படி ஒரு கோப்பை கிடைத்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு சட்டியைக் கழுவினேன். அப்படியே வாரக் கணக்கில் போனது. பாதி தின்பார், பாதி தள்ளிவிடுவார். ஒரு நாள் கோப்பையைச் சுவரில் எறிந்தார். முருங்கை இலை சுண்ணாம்பில் ஒட்டிக் காய்ந்து, சுரண்டித்தான் எடுக்க முடிந்தது.

லக்கலப் பக்கமிருந்து ஒருவர் கித்துள் மரத்து இனிப்புப் பாணி போத்தல்களைத் தோளில் போட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை வருவார். ஐயா அவரைக் கேட்டடியில் கூப்பிட்டு ஒரு போத்தல் எடுத்தார். "டாக்டர் சீனிதானே வேணாம்னாரு? பாணி சீனியா? மரத்துல எறங்குறது. மருந்து" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரியும். எங்கள் ஊரில் சீனி என்றால் கடையில் வாங்குகிற வெள்ளைச் சீனி. பாணி வேறு. மறுநாள் மிளகு, முருங்கை எதுவும் போடாமல் ஓட்ஸை அவித்து ஒரு கரண்டி பாணி விட்டேன். அன்றைக்குத்தான் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு என் பேரைச் சொன்னார். அவருக்கு என் பேர் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அன்று பகல் முழுக்க மனதுக்குள் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் சீனி கூடியிருந்தது. அவரை உள்ளே வைத்துப் புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, காலையில் என்ன கொடுக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். ஓட்ஸ் என்றேன். ஓட்ஸில் என்ன போடுகிறாய் என்றார். பாணி என்றேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பாணியும் சீனிதான் அம்மே. இந்த மனுசன்ட கால் போயிரும்" என்றார். ஐயாவுக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன். யட்டவத்த வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் போத்தலைக் கையில் எடுத்தேன். ஒரு கரண்டி விட்டேன். ஏன் என்று என்னிடம் கேட்டால் நேரான பதில் இல்லை. அந்த நல்ல வார்த்தை எனக்குத் திரும்பவும் வேண்டியிருந்தது. கானுக்குள் கிடந்த ரொட்டியும் இருந்தது. இரண்டில் எது கூட, எது குறைய என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. அவர் கேட்டார், விட்டேன். கேட்காத நாளிலும் விட்டேன். பிறகு ஒரு கரண்டி ஒன்றரை ஆனது. மகள் போன் எடுத்துக் கேட்பார்: "அக்கா, அப்பாவுக்குச் சீனி போடலதானே?" "சீனி போடல சின்னம்மா" என்பேன். பொய் இல்லை. தினமும் புண்ணுக்குத் துணி மாற்றியதும் நான்தான். விரல் கறுத்ததை முதலில் பார்த்ததும் நான்தான்.

முதலில் விரலை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ரொட்டியை எந்தக் காலால் மிதித்தார் என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

ஐயாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மகள் வந்தார். வந்த அன்றே குசினியில் எல்லாப் போத்தலையும் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இது என்னக்கா?"

"பாணிங்க சின்னம்மா. ஐயா கேட்டாரு."

கட்டிலருகே போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினார். "அப்பா, நீங்களா கேட்டீங்க?"

"சீனிதானே வேணாம்னாங்க" என்றார் ஐயா. சின்னப்பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டார். மகள் குசினித் தொட்டியில் பாணியை ஊற்றினார். பிசுபிசுவென்று மெதுவாகத்தான் இறங்கியது. ஊற்றி முடியும்வரை அழுதார். எனக்குத் தெரிந்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியும் என்று சொல்லியிருப்பேன். விமானம் ஏறப் போகும்போது என் கையைப் பிடித்து, "ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார்.

இப்போது அவருக்கு இடது கால் ஒன்றுதான் மிச்சம். அதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் ஓட்ஸை வறுக்கிறேன். பயறு, கரட், முருங்கை இலை, மிளகு. மிளகு அவர் வீட்டு வளவுக் கொடியிலேயே காய்க்கிறது. பாணிக்காரர் இன்னும் வருகிறார். சக்கர நாற்காலியிலிருந்து ஐயா கையைக் காட்டிக் கூப்பிடுவார். நான் கேட்டைச் சாத்திவிட்டு வருவேன். "மாரியாயி, ஒரு சொட்டு" என்பார். "மாரியாயி, ஒரே ஒரு சொட்டு, நாக்குல தடவிக்கிறேன்." அந்த மனிதர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. "ஆறிடும், சாப்புடுங்க" என்பேன். நிற்பேன். கோப்பை காலியாகும்வரை நிற்பேன். சில நாள் கண் கலங்கும் அவருக்கு. அப்போது இன்னொரு வாய் எடுத்துக் கொடுப்பேன்.

அவர் கேட்டதைக் கொடுத்தபோது கால் போனது. கொடுக்காமல் இருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் மற்றக் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

போன கிளினிக்கில் சீனி நன்றாக இறங்கியிருந்தது. அதே நர்ஸ்தான். இடது பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. "ஐயாக்கு அதிர்ஷ்டம். பெத்த மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாங்க" என்றார். ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நர்ஸிடம், எனக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ, சிங்களத்தில் சொன்னார்: "இவ என்னைக் கொல்றா, மிஸ். தினம் காலைல கொல்றா."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா முன்னால் நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அன்றைக்கு நானும் சிரித்தேன்.