ஒரு வருடம் உழைக்கும் சப்பாத்து

மலிவுச் சப்பாத்து விற்கிறவனை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. அவனும் ஒருவரையும் நம்பிவிடக் கூடாது. கடைக்குள் நின்று காலம் தள்ளிய உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் பண்டகசாலைக்குள் வெறுங்காலோடு யாரும் வரக்கூடாது என்று கட்டளை போட்டிருந்த காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு சப்பாத்துக் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன்.

பலகை

எதிரே இன்னொரு கடை திறந்ததும் எங்கள் முதலாளிக்கு நித்திரை போய்விட்டது. ‘வேலைச் சப்பாத்து. ஒரு வருடம் உழைக்கும். பழுதானால் வேறு சோடி’ என்று பலகை எழுதி வாசலில் மாட்டினார். மாட்டிய கையோடு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “பலகை சனம் வாசிக்க. நீ அதை நம்பி வேறு சோடி குடுத்தியோ, அண்டைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவன்” என்றார். என் கூட்டாளிகளுக்கெல்லாம் நான் புதுச் சோடியாக அள்ளிக் கொடுத்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம்.

முதலில் வந்தவர் துறைமுகத்தில் இரும்பு இறக்குகிறவர். அடியை வளைத்துப் பார்த்தார், தோலை முகர்ந்து பார்த்தார், நகத்தால் தையலைக் கிண்டினார். பிறகு பலகையை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடையின் கூரையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். “சப்பாத்து ஒரு வருசம் நிக்கும், சரி. கடை நிக்குமோ?”

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்

அந்த நாட்களில் எனக்கு வெள்ளவத்தையில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பெயர் பிலோமினா. அவளைக் கட்டினால் கட்டுவேன், இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். தகப்பன் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒட்டிய கடிதத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற சாதி. என் உத்தியோகம் நிலையானதா என்று பார்க்க ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து நின்றார்.

சப்பாத்தைப் பற்றி நான் புகழ்ந்து தள்ளினேன். அவர் காது கொடுக்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார். நான் செருப்போடு நின்றேன். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லி என்ன? தன் தம்பிக்கென்று ஒரு சோடி வாங்கினார். இன்னொரு சோடியை எடுத்து என் முன்னால் வைத்தார். “இதைப் போட்டுக்கொண்டு நடவும். அந்தோனியார் திருநாளண்டைக்கு உம்மடை சப்பாத்தும் நிண்டு, வேலையும் நிண்டால், கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்.”

சுருங்கின சப்பாத்து

அந்தச் சப்பாத்து முதல் நாள் மத்தியானத்துக்குள் என் இரண்டு குதிகாலையும் கடித்துப் புண்ணாக்கியது. விற்கிறவன் வாய் திறக்க முடியுமா? சிரித்துக்கொண்டே நின்றேன்.

அப்படி நிற்கும்போது ஜமால்தீன் நானா வந்தார். எங்கள் கடைச் சப்பாத்து வாங்கி இரண்டு மாதம். இடது கால் சுருங்கிவிட்டதாம், வேறு சோடி வேண்டுமாம். எனக்கு உடனே எதிர்க்கடைக்காரன் மேல் சந்தேகம் விழுந்தது. அவன்தான் ஆள் அனுப்பி என் வேலைக்கு உலை வைக்கிறான். “மழையில நனைச்சிருப்பியள், நானா” என்றேன். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். “எடது கால் மட்டும் நனையிற மழை எந்த ஊர்ல தம்பி பெய்யிது?”

பெருத்த சப்பாத்து

அடுத்த வாரம் பாருக் நானா என்று ஒருவர். அவருக்கு இடது காற் சப்பாத்து பெருத்துவிட்டதாம். நடக்க நடக்க கழன்று விழுகிறதாம். அடியில் பதித்த எண் தேய்ந்துபோய் ஒன்றும் தெரியவில்லை. இனிச் சந்தேகமே இல்லை, இரண்டு பேரும் கூட்டுக் கள்ளர். மாற்றிக் கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் பலகைக்குக் கீழே நின்று கத்துவார்கள், அது வெள்ளவத்தை வரைக்கும் கேட்கும். முதலாளிக்கு முன்னால் பிடித்துக் கொடுக்கலாம் என்று இருவரையும் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரச் சொன்னேன்.

ஜும்ஆ தொழுகை முடித்து இருவரும் தனித்தனியே வந்தார்கள். யார் யாருக்குக் கண் காட்டுகிறார்கள் என்று பார்த்தேன்; ஒருவரை ஒருவர் தெரிந்த மாதிரியே இல்லை. பள்ளிவாசலில் கழற்றுகிற பழக்கத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றி வரிசையாக வைத்தார்கள். நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது காலை மட்டும் மாற்றிப் போடச் சொன்னேன். இருவரும் கடைக்குள் இரண்டு சுற்று நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். முதலாளிக்கும் மூச்சு வந்தது. “பள்ளிவாசல்ல மாறீக்கும் எண்டு எங்களுக்கு நெனப்பே வரல்ல, தம்பி. இந்தச் சப்பாத்த எவன் எடுப்பான்?” என்றார் ஜமால்தீன் நானா.

திருநாள்

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு முதலாளியையும் கையோடு கூட்டிப் போனேன், என் வேலை நிலையானது என்று சொல்ல. பிலோமினாவின் தகப்பன் கையில் ஒரு துணிப்பையோடு வெறுங்காலில் நின்றார். அங்கே நேர்த்திக்காக வெறுங்காலில் வருகிறவர்கள் ஏராளம், ஆகவே நான் பெரிதாக எடுக்கவில்லை. குனிந்து என் சப்பாத்தின் மூக்கை அழுத்தினார், அடியை இழுத்தார். ஒரு நூலும் அசையவில்லை. “நடந்து காட்டும்” என்றார். நடந்தேன். அவர் முகம் இருண்டது. “நொண்டுறீர். பிறவியிலேயோ?”

கடிக்கிறது என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிற முதலாளியிடம் வேலை போகும். கடிக்கவில்லை என்று சொன்னால் நான் நொண்டி, பிலோமினா போவாள். “எனக்கும் வெறுங்கால் நேர்த்தி, ஐயா” என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றி, அந்தச் சனத்துக்குள் நேராக நடந்து காட்டினேன். அவர் என் நடையைப் பார்க்கவில்லை, குதிகால் இரண்டையும் பார்த்தார். பிறகு முதலாளிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் துணிப்பையை விரித்தார். உள்ளே எங்கள் கடைச் சோடி, ‘தம்பிக்கு’ வாங்கியது. “நானும் நேர்த்தியெண்டுதான் வீட்டில சொல்லிப்போட்டு வந்தனான், மாப்பிள்ளை.”

மலிவுச் சப்பாத்து ஒரு வருடமென்ன, ஒன்பது வருடமும் உழைக்கும், ஏனென்றால் அதை ஒரு முழு நாள் காலில் வைத்திருக்க ஒருவராலும் முடியாது.