பதினோரு ரிவெட்

அவளை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் கையில் எட்டுக் கிலோ இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று நாத்தனார் கேலி செய்வாள். பொய்யில்லை. வீட்டில் அவளுக்குக் கால் தரையில் பாவாது. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். துணியைப் பாதி மடிக்கும்போதே வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடாதது நினைவுக்கு வந்துவிடும். தெருவில் அவளுக்குப் பம்பரம் என்றே பெயர். ஆனால் பட்டறையில் புருஷன் சுத்தியலைத் தூக்கிவிட்டால், ஜீப் சட்டத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அந்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்தபடி மூச்சுக்கூட விடமாட்டாள்.

பழைய ஜீப்புகளைப் புதுசாக்குவதுதான் அவர்கள் பிழைப்பு. ஜீப்புக்கு முதுகெலும்பு அதன் அடிச்சட்டம். இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது ரிவெட் என்ற குமிழ்த்தலை ஆணி. அறுபது வருடம் சேற்றில் உழன்ற வண்டியில் ரிவெட்டுகள் துருவேறி ஆட ஆரம்பித்துவிடும். அவற்றின் தலையைச் சீவி, துளை போட்டு, தட்டி வெளியே தள்ள வேண்டும். பிறகு புது ரிவெட்டை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி ஓட்டையில் சொருகுவார்கள். தலைப்பக்கம் அவள் இரும்பை முட்டுக் கொடுப்பாள். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை, சூடு தணிவதற்குள் அவர் அடித்துக் குமிழாக்குவார். ஆறினால் ரிவெட் சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு அவள் ரிவெட்டின் ஓர் ஓரத்தில் விரலை வைத்து, மறு ஓரத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள். விரலில் அதிர்வு வந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வரவில்லை என்றால் "ஆச்சு" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வராமல் அவர் அடுத்த ரிவெட்டை நெருப்பில் வைக்கமாட்டார். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து, அதாவது இருபத்தாறு வருடமாக, இதுதான் வழக்கம்.

இப்போது பட்டறையில் நிற்கும் ஜீப்பில் அவள் பதினோரு தடவை பொய்யாக "ஆச்சு" சொல்லியிருந்தாள்.

முதல் பொய் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நாலாவது ரிவெட்டில். அவர் அடி எப்போதும் நேராக வந்து அவள் உள்ளங்கையில் இறங்கும். அன்று இரண்டு அடி நேராக வந்தது, மூன்றாவது சறுக்கியது. எட்டிப் பார்த்தாள். அவர் மணிக்கட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்காதது போல அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார். தட்டிப் பார்த்தாள், விரலில் விறுவிறுவென்று அதிர்ந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. ஏதோ அசதி, ஒன்றுதானே, நாளைக்குச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றே நாளில் அந்த ஒன்று பதினொன்றானது.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பூட்டிய கதவை நாலு முறை இழுத்துப் பார்த்தாள். "பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று நாத்தனார் கேட்டாள். பேயாக இருந்தால் ஓட்டிவிடலாம். இது அப்படியா? சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் வேறு எது உடையும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் பெயிண்டர் வருவதாக இருந்தார். பெயிண்ட் ஏறி, மேலே பாடியும் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பதினொன்றையும் எவரும் பார்க்கப்போவதில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு மாட்டு டாக்டரம்மா. மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்கெல்லாம் அவர்தான் போய் வருகிறார். அன்று மதியம் பட்டறைக்கு வந்தவர், சட்டத்தைக் குதிரையைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்தார்.

"அடுத்த வாரம் பொண்ணுக்கு லீவு. மலைக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். கீழ பாத்தா தலை சுத்துற ரோடு. வண்டி தாங்கும்ல?"

"நீங்க தாங்குறீங்களான்னு பாத்துக்கோங்க டாக்டரம்மா, வண்டி தாங்கும்" என்று சிரித்தார் அவள் புருஷன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா போகும்வரை பட்டறைக்கும் வாசலுக்குமாக ஆறு நடை நடந்தாள். வாய்வரை வந்ததை ஆறு தடவையும் விழுங்கினாள்.

பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இன்னும் ஒரே ஒரு ரிவெட் பாக்கி இருந்தது. அது நெருப்பில் சிவந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து வந்து அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடித்தாள்.

"இத நான் அடிக்கிறேன். நீங்க பின்னாடி பிடிங்க."

"என்ன திடீர்னு முதலாளியம்மா ஆயிட்ட?"

"சூடு போயிடும். போங்க."

அவர் கேலியாகத்தான் போய்க் குந்தினார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அவள் அடித்தாள். முதல் அடி கொஞ்சம் பிசகியது. அடுத்த எட்டும் நேராக விழுந்தன. வால் உருண்டு குமிழானது. ரிவெட் ஆறியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை, தட்டிப் பார்க்கவும் இல்லை. இரும்பை மடியில் வைத்துக்கொண்டு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க உக்காந்தா ஒவ்வொரு அடியும் கையில தெரியுது" என்றார்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முன்னாடி சட்டத்துல நாலாவதுலேருந்து. மொத்தம் பதினொண்ணு. நீங்க மனசு விட்டுடுவீங்கன்னுதான் சொல்லல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். சுத்தியலைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கை நடுங்குறது எனக்குத் தெரியாதா?" என்றார் அவர் மெதுவாக. "போன மாசமே தெரியும். ஒவ்வொண்ணா அடிச்சிட்டு நீ என்ன சொல்லப்போறன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். நீ ஆச்சுன்ன. அப்ப ரிவெட் பிடிச்சிருக்கு, இன்னும் அடிக்கலாம்னு நம்பிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அவர் மனசு விட்டுவிடக் கூடாது என்று சொன்ன பொய், நடுங்கும் கையை நம்பி அவரை மேலும் மேலும் அடிக்க வைத்திருந்தது.

அவரே எழுந்து, பெயிண்டருக்குப் போன் போட்டு, நாலு நாள் கழித்து வரச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எதெது மாத்தணும்?"

அவள் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. குனிந்து, நிமிர்ந்து, சட்டத்தைச் சுற்றிவந்து பதினொன்றுக்கும் வரிசையாக வட்டம் போட்டாள். எந்த இடத்திலும் அவள் கை தயங்கவே இல்லை. அதைப் பார்த்தபடி நின்ற அவருக்குக் கண் கலங்கிவிட்டது.