புளி கடைசியில்

சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த, கரண்டில் நாள் முழுக்க மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரை எங்கள் வீட்டில் யாரும் மதிக்கவில்லை. விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம் என்றார் அப்பா. அம்மா மட்டும் உள்ளே இருந்த பீங்கான் சட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். பீங்கான் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. சூளையிலிருந்து வந்ததைத் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிப்பது. "நல்லா வெந்திருக்குது" என்று அதை அடுப்படியில் சேர்த்துக்கொண்டாள்.

முதல் வாரம் சாம்பார் ரசமாக வந்தது. பருப்பு வேகவே இல்லை. ஆவி வெளியே போகாத சட்டிக்குப் பாதித் தண்ணீர் போதும், புளி முன்னால் விழுந்தால் பருப்பு மசியாது என்பதையெல்லாம் அவள் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் நொந்துவிட்டோம். அதன்பின் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் தோட்டத்துக் கதவு வழியாக வந்து புளி ஊற்றுவாள்.

அன்றும் அப்படித்தான். "புளி கரைச்சி வச்சிருக்கேன். தொடாத, நான் வந்து ஊத்துறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மதியம் அவளை வண்டியில் கொண்டுவந்தார்கள். வேலை செய்யும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாளாம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சாயங்காலம், எடுக்கப்போகும் நேரத்தில், கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சாம்பார் மணம் வந்தது.

"யாரு அடுப்ப பத்த வச்சது?" என்று அத்தை உள்ளே ஓடினாள். அடுப்பு சில்லென்று இருந்தது. மூலையில் குக்கரின் மூடி மட்டும் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது, அம்மா தட்டுவதைப் போலவே. அத்தை ஒயரைப் பிடுங்கினாள். அப்புறமும் அது நிற்கவில்லை. சட்டியில் தங்கிய சூடு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது.

"அப்படியே கொண்டுபோயி கொட்டுங்க" என்றாள். ஒருவரும் கிட்டே வரவில்லை. நான் குக்கரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் புளி ஊத்தல. அம்மா வந்துதான் ஊத்துவாங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அம்மாவை முன்வாசல் வழியாகத் தூக்கிப் போனார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். எனக்குக் கவலை இல்லை. அம்மா எப்போதும் பின்பக்கமாகத்தான் வருவாள். தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவைத்துவிட்டு, புளிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன்.

மூடி தட்டுவது அப்போதுதான் நின்றது. வந்துவிட்டாள் என்று கிண்ணத்தை நீட்டினேன்.