அந்த அறையில் நானும் இருந்தேன்

வேலாயுதம் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, முந்தின நாளே வேலையில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு நான்காவது தடவையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். உடனே கேட் வாட்ச்மேன் கூப்பிட்டார். "மேடம், நம்ம பெரிய சார் காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவருதானாம், எந்திரிக்கவே இல்லையாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நம் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவரைத் தங்கம், தெய்வம் என்கிறீர்கள். என்னையும் எழுதச் சொல்லி மூன்று நாளாக நச்சரிக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த அண்ணாச்சியைத்தான் என்னால் எழுத முடியும்.

இந்தத் தீப்பெட்டிக் கம்பெனியில் அவர் நிர்வாகம், நான் ஏற்றுமதி. ஆபீசுக்கு ஆள் எடுப்பதென்றால் பதினெட்டு வருடமாக மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும்தான். ஒரு மழை நாளில் விளாத்திகுளத்திலிருந்து ஒருவர், பஸ் பாதியில் நின்றுபோய், ஒரு மணி நேரம் தாமதமாக முழங்கால்வரை கரிசல் சேற்றோடு வந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி குழாயடியைக் காட்டிக் காலைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். "பஸ்ஸைக் குத்தம் சொல்லாம, லேட்டாயிட்டு, மன்னிச்சிக்கோங்கன்னு மட்டும் சொன்னாம் பாத்தீங்களா தங்கச்சி? இவன் போதும்" என்றார். இன்று நம் ஸ்டோரைப் பார்ப்பவர் அவர்தான்.

அண்ணாச்சிக்கு ஒரு கறாரான வழக்கம் இருந்தது. நேர்காணல் அறையில் பேசியதை, கடிதம் கைக்குப் போகும்வரை யாரிடமும் சொல்லமாட்டார். அவருடைய அக்கா மகனே ஒருமுறை வந்து, தேறவில்லை. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து அக்கா கிளம்பி வந்து, "ஏலே, உண்டா இல்லையான்னாவது சொல்லேம்ல" என்று கெஞ்சியிருக்கிறார். இவர் உளுந்துக்கு மழை போதுமா என்று விசாரித்து, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். இதை அவர் சொல்ல, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்று அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இப்போது வேலை கேட்டு வருகிறவர்களின் லட்சணம் உங்களுக்கே தெரியும். பைக் ஓட்டிக்கொண்டே வீடியோ காலில் நேர்காணலுக்கு வந்தவர் உண்டு. தீப்பெட்டிக் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று கேட்டவர் உண்டு. "திங்கக்கிழம வாரேன் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அண்ணாச்சியை அதிகம் நோகடித்தார்கள். வரப்போகிறவருக்கு மேஜையைத் துடைத்து வைத்து, அண்ணாச்சி பத்து மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா இவனுவளுக்கு வாய் வலிச்சிருமா?" என்பார். இந்தக் கேள்வியை இன்றைக்கு நான் அவரிடம் கேட்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், எனக்கு ஒத்தாசைக்கு என்று சொல்லி ஓர் ஆளைப் பார்த்தோம். முப்பது வயது இருக்கும். கன்டெய்னர் புக்கிங், கஸ்டம்ஸ் பேப்பர், எதைக் கேட்டாலும் டக் டக்கென்று பதில். கேள்வியெல்லாம் நான்தான் கேட்டேன். அண்ணாச்சி, "தண்ணி குடிக்கியளா?" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஆள் வெளியே போனதும், "இவரை விட்டுராதீங்க அண்ணாச்சி, நாலே மாசத்துல எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துருதேன்" என்றேன். அவர் தாளைப் பார்த்தபடியே, "சரி தங்கச்சி" என்றார்.

சேர வேண்டிய திங்கட்கிழமை அந்த ஆள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பொறுப்பே இல்லாத ஜென்மங்கள் என்று சாப்பாட்டு அறையில் இரண்டு நாள் கத்தினேன். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே சின்ன முதலாளி சொன்னார்: "அவரு வராதது உங்களுக்கு நல்லதாப் போச்சு மேடம். உங்க எடத்துக்குத்தானே பாத்தோம். வேலாயுதம் சார் சொல்லலையா?"

நேரே அண்ணாச்சி அறைக்குப் போனேன்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

"முதலாளி சொல்லக் கூடாதுன்னுட்டாவ. ரூம்ல உள்ளதை நான் வெளிய சொல்லுததில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா தங்கச்சி?"

"நான் வெளியாளா? நானும் அந்த ரூம்லதானே இருந்தேன்!"

அண்ணாச்சி, "அது எனக்குத் தோணல" என்றார். பொய் சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். என் கையாலேயே என் வேலைக்கு ஆள் பொறுக்கவைத்துவிட்டு, அது அவருக்குத் தோன்றவில்லையாம். முதலாளி வேறு ஆள் தேடாமல் விட்டதால் தப்பித்தேன். யாரை வாயில் வந்தபடி திட்டினேனோ அந்தப் பொறுப்பில்லாத ஆள் என்னைக் காப்பாற்றினார். ஒழுங்குக்குப் பேர்போன அண்ணாச்சி என் கழுத்தை அறுத்தார்.

அன்றிலிருந்து நான் அவரை "சார்" என்றுதான் கூப்பிட்டேன். அவர் "தங்கச்சி" என்பதை விடவில்லை. துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் என்னம்மா மனத்தாங்கல்? அவிய கடைசிவரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல" என்றார். அதையும் சொல்லவில்லை! மாலையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன்.

போன புதன்கிழமை, அவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்து ஆள் பார்த்தார்கள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். ஐந்து நாளாகத் தூக்கமில்லை.

சொன்ன நேரத்துக்கு வருவது, முடியாவிட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது, தப்பு செய்தால் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது. அண்ணாச்சியிடமிருந்து இவற்றை நான் வைத்துக்கொள்கிறேன். அவருடைய வாய்ப்பூட்டு எனக்கு வேண்டாம். பில்லிங் ராஜகுமாரி, நீயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். புதன்கிழமை நாங்கள் ஆள் பார்த்தது உன் வேலைக்கு. ஐந்து நாள் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.