வழி சொல்லாத கரிசல் பயணம்

போன புரட்டாசியில் கோவில்பட்டிப் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு பெரியவர்களுக்கும் உண்டு. அதற்கு மாத்திரை மட்டும் போதுமா, கணினியில் மூளைப் பயிற்சியும் சேர்த்தால் பலன் கூடுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான் டாக்டர் இல்லை, பயிற்சி மென்பொருளை எழுதியவன்.

ஆய்வுக்கு வந்த ஒருவர், செல்வம் என்று வைத்துக்கொள்வோம், அப்பாவின் கடையைப் பார்க்க ஊருக்குத் திரும்பியதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஏழு பயிற்சி பாக்கி. ஏற்கெனவே பலர் கழன்றுகொண்ட கடுப்பில், சொல்லாமல் கொள்ளாமல் மடிக்கணினியோடு கிளம்பினேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில், படுக்கை இருநூற்றுச் சொச்சம். காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டி. பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ முப்பது ரூபாய் கேட்பார்கள். நடக்கிற தூரம்தான், ஏமாறாதீர்கள்.

அங்கிருந்து முக்கால் மணி நேரம் பஸ், ஏழு ரூபாய் டிக்கெட். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். வழியெல்லாம் கரிசல், கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ரோட்டை ஆடுகள் மறித்ததில் பஸ் பத்து நிமிடம் நின்றது. வண்டியிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான் மட்டும்தான்.

இறங்கி டீக்கடையில் செல்வத்தின் கடை எங்கே என்று கேட்டேன். டீக்கடைக்காரர் என் ஷூவையும் பையையும் பார்த்தார்.

"அண்ணாச்சி மகனையா? பொண்ணு வீட்டுல இருந்து விசாரிக்க வந்திருக்கியளோ? உக்காருங்க, டீயக் குடிங்க. தங்கமான பையன். கொஞ்சம் அவசரக்காரன், அவ்வளவுதான்."

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். "கொஞ்சமா? கல்லாவத் தொறந்து போட்டுட்டு பஸ் ஏறிப் போனவம்லா!"

"ஏலே, சும்மா கெட. சம்பந்தம் பேச வந்தவியகிட்ட அதையாச் சொல்லுத?"

மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடையில் விசாரிப்பது இங்கே வழக்கம். பேசாமல் டீயைக் குடித்திருந்தால் அவர்களே வழி சொல்லியிருப்பார்கள். அது ஆறும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு விஷயம் இல்லைங்க. மூளை ஆராய்ச்சி. அவர் அதுக்கு மாத்திரை சாப்பிடுறார், பயிற்சியைப் பாதியில விட்டுட்டார். கடை எங்கே?"

பெஞ்சில் சிரிப்பு நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் கையை மட்டும் நீட்டினார். நான் நடக்கையில் டீக்கடையிலிருந்து ஒரு சைக்கிள் என்னைத் தாண்டிப் போனது.

கடையில் செல்வத்தின் அப்பா என்னைப் பார்த்ததுமே கேட்டார். "மூளை டாக்டரு நீங்கதானா?" பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, வயித்துப் புண்ணு மாத்திரைன்னுல்லா சொன்ன?"

செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் கேட்டது: "மீதி ஏழு பயிற்சியை இன்னைக்கே ஆரம்பிச்சிரலாமா?" இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பஸ் ஏற்றிவிட செல்வமே கூட வந்தார். நிறுத்தத்துக்கு வந்ததும்தான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டுல இருந்து வாராவ. அந்தப் பொண்ணுகிட்ட நானே பக்குவமாச் சொல்லணும்னு இருந்தேன்." பஸ் வரும் திசையைப் பார்த்தபடி தொடர்ந்தார். "திரையில கட்டம் மினுங்குததுக்கு முன்னாடி தட்டாதீங்க, பொறுங்கன்னு உங்க கம்ப்யூட்டரு மூணு மாசம் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. நீங்க ஒரு டீயக் குடிச்சு முடிச்சிருக்கலாம் சார்."

அவர் விவரம் வெளியே போகாது என்ற தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். திரும்பியதும் நடந்ததை வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். செல்வம் கேட்டபடி அவருடைய தரவை நீக்கிவிட்டோம்.

பெண் வீட்டார் வரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லையாம், ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம். இந்தப் பதிவை எழுதலாமா என்று போனில் கேட்டபோது செல்வமே சொன்னார். மாத்திரையை மட்டும் வேறு டாக்டரிடம் தொடர்கிறார். "இப்பல்லாம் எங்கப்பா கடையில ஆள் நிக்கும்போதே 'மாத்திரை போட்டியாலே'ன்னு சத்தங் குடுக்காவ."

போகிறவர்களுக்கு: ஐப்பசி மழைக்கு முன்பே போய்விடுங்கள், நனைந்த கரிசல் செருப்பைத் திருப்பித் தராது. மதியம் பஸ் குறைவு, தண்ணீர் கையில் இருக்கட்டும். வழி கேட்கும்போது யாரைப் பார்க்க வந்தீர்கள் என்பது போதும், எதற்கு என்பது வேண்டாம். டீ கொடுத்தால் உட்கார்ந்து குடித்து முடியுங்கள்.

"எழுதுங்க சார்," என்றார் செல்வம். "கடைக்கு வழிய மட்டும் போட்டுராதீங்க."

போடவில்லை.