ஒன்பது பேரும் பதினொரு பலகையும்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவள். கிழமைகள்கூட இப்போதெல்லாம் மறந்துபோகின்றன. இந்தப் பத்திரிகையில் வாராவாரம் பொறுத்துக்கொள்கிற நீங்கள் இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இதைக் கோபத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு போர்டு இருக்கிறது. ரோடு, பாலம், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதன் பொறுப்பு. ஒன்பது மெம்பர்கள். கூட்டம் போட அவர்களுக்கென்று ஓர் இடம் கிடையாது. என் வீட்டு முன்னறையில்தான் கூடுகிறார்கள் – என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் கொடுத்த வாக்கு. நான் திரைக்குப் பின்னால். ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் எனக்கு வாய் திறக்காது. டீயைக்கூடத் தட்டோடு திரைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

ஆனால் காது திறந்துதானே இருக்கிறது?

ஒன்பது பேரில் நாலு பேர் கரும்புத் தோட்டக்காரர்கள். அவர்களுக்கு வீராசாமி தலைவர். நாலு பேர் கடைக்காரர்கள். அவர்களுக்கு ஆறுமுகம். மிச்சம் ஒருவர், ரங்கசாமி. அவர் எந்தப் பக்கமும் இல்லை. "நான் சுதந்திரமான மெம்பர்" என்று தானே சொல்லிக்கொள்வார். எலெக்ஷன் சமயத்தில் வீராசாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஆறுமுகம் வீட்டில் போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். அவ்வளவு சுதந்திரம்!

பிரசிடென்ட் நாற்காலி மூன்று மாதமாகக் காலி. ஒரு பக்கத்தார் உட்கார இன்னொரு பக்கத்தார் விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஓடைக்கு இரண்டு மரப் பாலங்கள். மேல் பாலம் கடைகளுக்குப் போகிறது. கீழ்ப் பாலம் கரும்புக்காட்டுக்குப் போகிறது. இரண்டும் உளுத்துப்போயின. ஒரு பாலத்துக்கு மட்டும் போதுமான பலகையைக் கவர்ன்மென்ட் அனுப்பியது. பதினொரு பலகை. என் முற்றத்தில் இறக்கினார்கள். எந்தப் பாலத்துக்கு என்று போர்டு முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது.

என் அடுத்த வீட்டில் வள்ளியம்மா இருக்கிறாள். புருஷன் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு அர்பான் நிலத்தில் கரும்பு. அவள் அப்பா எஸ்டேட்டில் முதுகு ஒடிய வேலை செய்து வாங்கிய நிலம். மில்லில் எங்கள் ஊர்ச் சின்னத் தோட்டக்காரர்களுக்கு வியாழக்கிழமைதான் முறை. முறை தவறினால் வெட்டிய கரும்பு புளித்துப்போகும். கீழ்ப் பாலம் இல்லாமல் வண்டி ஓடையைத் தாண்டாது. சுற்று வழி எஸ்டேட் நிலம், நம் வண்டியை விடமாட்டார்கள். இந்த வருஷக் கரும்பு வீணானால் அவள் நிலத்தை விற்றுவிட்டு எஸ்டேட்டுக்கே கூலியாகப் போக வேண்டும். அப்பா எங்கிருந்து தப்பித்து வந்தாரோ... அங்கேயே.

திங்கட்கிழமை கூட்டம். ரோடு இன்ஸ்பெக்டரும் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். கீழ்ப் பாலத்துக்கு நாலு கை. மேல் பாலத்துக்கு நாலு கை. ரங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"யோசிக்கணும். முதல்ல ஒரு டீ குடிப்போம்."

டீ வேளையில் வீராசாமி அவரை என் அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். நான் உள்ளே இருப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டா?

"அண்ணே, நாற்காலி உங்களுக்கு. பாலம் எங்களுக்கு."

"அதுக்கென்ன தம்பி!"

அவர் போன சூடு ஆறுவதற்குள் ஆறுமுகம்.

"மச்சான், பிரசிடென்ட் நீங்கதான். பாலத்தை மட்டும் பாத்துக்குங்க."

"அதுக்கென்ன மச்சான்!"

உள்ளே போனார்கள். ஒன்பது கையும் தூக்கி ரங்கசாமியைப் பிரசிடென்ட் ஆக்கினார்கள். எங்கள் போர்டில் ஒன்பது கை ஒன்றாகத் தூக்கியதை அன்றுதான் கண்டேன்... திரை ஓட்டை வழியாக.

பிறகு மறுபடியும் பாலம். நாலு கை. நாலு கை. எட்டு பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். ரங்கசாமி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பிரசிடென்ட் ஆனவன் எந்தப் பக்கமும் கை தூக்கக் கூடாது. நாற்காலிக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

எட்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கை தட்டினார்கள். எதற்கு? தனக்குக் கிடைக்காவிட்டாலும் மற்றவனுக்கும் கிடைக்கவில்லையே, அதற்கு! தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே ஆளைப் பிடித்து, மாலை போட்டு, வாயைக் கட்டி உட்காரவைத்த ஊர் இந்த மொரீஷியஸில் வேறு எங்காவது உண்டா?

உண்டோ இல்லையோ, கடல் தாண்டி உண்டாம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அவர் இங்கிலீஷ்காரர் இல்லை, வேல்ஸ் என்கிற நாட்டுக்காரர். எங்கள் தீவின் கிரியோல் பாஷையில்தான் பேசினார். அவர் ஊர்க் கவுன்சிலிலும் சுரங்கத் தொழிலாளர் கட்சி ஒரு பக்கம், பழைய லிபரல்கள் ஒரு பக்கம், யாருக்கும் மெஜாரிட்டி கிடையாதாம். நடுவில் எந்தக் கட்சியிலும் சேராத இரண்டு பேர். எப்போதும் அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் தலைவராம். இன்ஸ்பெக்டரின் அப்பா தெருவுக்கு ஒரு விளக்குக் கேட்டு அந்தக் கவுன்சிலுக்கு நடையாய் நடந்தாராம்.

"விளக்கு வந்துச்சா முஸ்யே?" என்று யாரோ கேட்டார்கள்.

"வந்தது. அப்பா செத்த பிறகு."

யாருக்காவது உறைத்ததா? ஆறுமுகத்துக்கு ஒரே சந்தோஷம்.

"கேட்டீங்களா? வெள்ளைக்காரன் ஊர்லயும் நம்மள மாதிரியேதான் நடத்துறாங்க!"

செவ்வாய்க்கிழமை வள்ளியம்மா கரும்பை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? மில் போர்டுக்காகக் காத்திருக்குமா? புதன்கிழமை காலையில் என் முற்றத்துக்கு வந்தாள். கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகள்.

"பெரியம்மா, கரும்பு வெட்டிக் கிடக்கு. நாளைக்கு மில்லு. போர்டு என்ன சொல்லுது?"

"போர்டு ஊர்லயே இல்ல தாயி. சென்ட்ர் டி ஃப்ளாக் டவுனுக்குப் போயிருக்கு."

"பாலத்துக்கா?"

"போட்டோவுக்கு. புது பிரசிடென்ட் வந்திருக்காருல்ல..."

"கோட்டு போட்டுக்கிட்டா?"

"ஒன்பது பேரும்."

அவள் பலகைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாராச்சும் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க பெரியம்மா?"

"என்னை யாரு கேக்கப் போறா? பத்து வருஷமா இந்த வீட்ல டீ குடிக்கிறாங்க. சர்க்கரை போதுமான்னுகூட நான் அவங்ககிட்ட பேசினதில்ல. நீ எடு."

இதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆறு பெண்கள் வந்தார்கள். ஒரு பலகைக்கு இரண்டு பேர். பட்டப்பகலில், ஊர் நடுவே தூக்கிப் போனார்கள். மத்தியானத்துக்குள் கீழ்ப் பாலம் தயார். வண்டிக்காரர் முதலில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தார். தாங்கியது. வியாழக்கிழமை வள்ளியம்மாவின் கரும்பு மில்லுக்குப் போயிற்று. முதலில் வெட்டியதில் இரண்டு கட்டு மட்டும் வாடிவிட்டது என்று திருப்பிவிட்டார்களாம். மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். நிலம் அவளுடையதாகவே இருக்கிறது.

சனிக்கிழமை போர்டு அவசரக் கூட்டம். முற்றம் காலி. வீராசாமி எழுந்தார்.

"எங்க பக்கத்தோட இடைவிடாத முயற்சியாலதான் கீழ்ப் பாலம் வந்திருக்கு!"

ஆறுமுகம் மேசையைத் தட்டினார். "கையெழுத்து இல்லாம போட்ட பாலம்! உடனே பிடுங்கணும்!"

பிடுங்க வேண்டும் என்று நாலு கை. கூடாது என்று நாலு கை. நாற்காலியைப் பார்த்தார்கள். பிரசிடென்ட் கை தூக்கவில்லை. மரியாதை!

பாலம் அப்படியே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் நேற்று அதன்மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாராம். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். நாலுக்கு நாலு வந்தால் பிரசிடென்ட் கை தூக்கலாம் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? அந்த ஒன்பது பேருக்கும் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது சரிபார்த்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். கிழமைகளை நான் மாற்றி எழுதியிருந்தால் அதையும் திருத்துங்கள்.

அவசரம் இல்லை. இந்த வருஷக் கரும்பு வெட்டு முடியட்டும், அப்புறம் எழுதினால் போதும்.